மாணவருக்குப் பல்கலைக்கழகம் யார்?

பெற்றோரின் இடத்தில் இருந்த பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இன்று ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக மாறியுள்ளன. இந்த மாற்றத்தில் மாணவர்கள் பெற்ற உரிமைகள் எவை, இன்னமும் பெறாதவை எவை என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றுவந்த நடாஷா ஏப்ரஹார்ட் என்ற 20 வயது மாணவி தனது உயிரை மாய்த்துக்கொண்டார். பெரிய விரிவுரை மண்டபம் ஒன்றில், சக மாணவர்களோடு சேர்ந்து அவர் பேச வேண்டியிருந்த நாள் அது. பிறர் முன்னிலையில் பேசுவதற்குக் கடும் அச்சம் கொள்ளும் மனநலப் பாதிப்பு அவருக்கு இருந்தது. ஆய்வுகூடப் பரிசோதனைகள் குறித்து ஆசிரியர்கள் வாய்மொழியாகக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவரால் இயலவில்லை. அதனால் அவர் மதிப்பெண்களை இழந்துவந்தார்.

அவருடைய பெற்றோர் பல்கலைக்கழகத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 2022ஆம் ஆண்டு மே மாதம் கவுண்டி நீதிமன்றமும், மேன்முறையீட்டில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தன. பெற்றோருக்கு 50,000 பவுண்டுகளுக்கும் சற்று அதிகமான தொகை இழப்பீடாக வழங்கப்பட்டது.

ஆனால் பெற்றோர் எழுப்பிய இன்னொரு கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. தனது மாணவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் பொதுவான சட்டக் கடமை ஒரு பல்கலைக்கழகத்துக்கு உண்டா என்பதே அந்தக் கேள்வி. அப்படிப்பட்ட கடமை இருப்பதாக நிறுவப்படவில்லை என்று கவுண்டி நீதிமன்றம் கூறியது. இந்த வழக்கில் அதைத் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உயர் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

பிள்ளைகளை பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது வியப்பைத் தரக்கூடும். பெருந்தொகையைக் கட்டணமாகப் பெறும் நிறுவனம், பிள்ளையின் நலனுக்கும் பொறுப்பேற்கிறது என்றே அவர்கள் நம்புகிறார்கள். சட்டம் சொல்வது அதுவல்ல.

தந்தையின் இடத்திலிருந்து விலகல்

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பெற்றோரின் இடத்தில் இருந்தே மாணவர்களை நடத்தின. இரவில் கல்லூரி வாயில்கள் மூடப்பட்டன. யார் யாரைச் சந்திக்கலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன. அன்று சட்டப்படி ஒருவர் வயது வந்தவராகக் கருதப்பட 21 வயது நிறைவடைய வேண்டும். ஆகவே இளநிலைப் பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் சிறார்களாகவே இருந்தார்கள்.

1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் இந்த வயதை 18ஆகக் குறைத்தது. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தபோது, பல்கலைக்கழகத்தின் தந்தை நிலைக்கு இருந்த சட்ட அடிப்படையும் அகன்றது. மாணவர்கள் சுதந்திரம் பெற்றார்கள். அதே வேளையில், தங்களுக்கு நேர்வதற்குத் தாங்களே பொறுப்பு என்ற நிலையையும் அடைந்தார்கள்.

ஆனால் மனக்குறை உள்ள மாணவர் எங்கே முறையிடுவது என்பதில் பழைய முறையே தொடர்ந்தது. பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு 'விசிட்டர்' என்றழைக்கப்படும் ஒரு மேலாளர் இருந்தார். அரசர், பேராயர் அல்லது நீதிபதி ஒருவர் அப்பொறுப்பை வகிப்பது வழக்கம். உள்விவகாரங்களில் அவருடைய முடிவே இறுதியானது. சாதாரண நீதிமன்றங்கள் அதில் தலையிடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமே மாணவர் முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை விசிட்டர்களிடமிருந்து நீக்கியது.

மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் உரிமை

பல்கலைக்கழகத்துக்கும் மாணவருக்கும் இடையில் இருப்பது ஒப்பந்த உறவு என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிய தீர்ப்புகளில் ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. லிங்கன்ஷயர் ஹம்பர்சைட் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒரு மாணவி, கணினியில் இருந்த தனது கட்டுரை அழிந்துபோனதாகக் கூறி, கைவசம் இருந்த குறிப்புகளைச் சமர்ப்பித்தார். எழுத்துத் திருட்டு என்று முதலில் குற்றம்சாட்டப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டபோதிலும், அவருக்குப் பூஜ்ஜிய மதிப்பெண் வழங்கப்பட்டது. அவர் நீதிமன்றத்தை நாடினார்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்போது வகுத்த எல்லைக்கோடு இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஒரு விடைத்தாள் எத்தனை மதிப்பெண் பெறத் தகுந்தது என்பது கல்விசார் மதிப்பீடு. அதில் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் பல்கலைக்கழகம் தானே வகுத்த விதிகளைப் பின்பற்றியதா என்ற கேள்வியை நீதிமன்றம் விசாரிக்கலாம்.

இந்த வேறுபாட்டை உணராத காரணத்தால் தோல்வியடையும் மாணவர்கள் பலர். 'எனக்கு இன்னும் கூடுதலான மதிப்பெண் கிடைத்திருக்க வேண்டும்' என்ற வாதம் எந்த மன்றத்திலும் எடுபடுவதில்லை. 'இரண்டு தேர்வாளர்கள் திருத்த வேண்டும் என்று உங்கள் விதி கூறுகிறது, ஆனால் ஒருவரே திருத்தியிருக்கிறார்' என்ற வாதம் எடுபடும். 'நான் நோயுற்றிருந்தேன் என்பதற்கு உரிய நேரத்தில் தந்த மருத்துவச் சான்றிதழ் தேர்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை' என்பதும் எடுபடும்.

கற்பித்தலின் தரம் குறைவாக இருந்தது என்று வழக்காடுவதும் எளிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் 2000ஆம் ஆண்டில் வரலாற்றுப் பட்டம் பெற்ற ஒருவர், போதிய கற்பித்தல் இல்லாததால் முதல் வகுப்பை இழந்ததாகவும், அதனால் தன் வாழ்க்கைத் தொழில் பாதிக்கப்பட்டதாகவும் கூறிப் பெருந்தொகை இழப்பீடு கோரினார். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மோசமான கற்பித்தலுக்காக வழக்குத் தொடர முடியாது என்பதல்ல இதன் பொருள். அந்தக் குறைபாட்டினால்தான் இன்ன இழப்பு ஏற்பட்டது என்று நிரூபிப்பது மிகக் கடினம் என்பதே இதன் பொருள்.

கட்டணம் செலுத்தும் நுகர்வோர்

இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டில் 1,000 பவுண்டாக அறிமுகப்படுத்தப்பட்ட கல்விக் கட்டணம், 2006இல் 3,000 பவுண்டு வரையிலும், 2012இல் 9,000 பவுண்டு வரையிலும் உயர்ந்தது. 2025-26 கல்வியாண்டில் உள்நாட்டு மாணவர்களுக்கான உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அவர்கள் இதைப் போல் இரண்டு மடங்கோ அதற்கும் கூடுதலாகவோ செலுத்துவது வழக்கம்.

கட்டணம் உயர உயர, மாணவர் நுகர்வோராகவும் ஆனார். சேவை எதுவாயினும் அது நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் அதே ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பாடநெறியின் உள்ளடக்கம், நடக்கும் இடம், மொத்தச் செலவு ஆகியவற்றை மாணவர் சேர்வதற்கு முன்பே தெளிவாகக் கூற வேண்டும். சேர்ந்த பின்னர் தம் விருப்பப்படி அவற்றை மாற்றும் வரம்பற்ற அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள முடியாது.

விடுதி வாடகை அல்லது நூலக அபராதம் பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பட்டமளிப்பை நிறுத்திவைக்கும் விதிகள் நியாயமற்றவையாக இருக்கக்கூடும் என்று நியாய வர்த்தக அலுவலகம் 2014ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. கல்விக் கட்டண பாக்கி வேறு, பிற கடன்கள் வேறு என்பதே இதன் சாரம்.

நுகர்வோர் என்ற நிலை மாணவருக்குப் பயன் தந்திருக்கிறது. ஆனால் பட்டம் கடைச்சரக்கு அல்ல. கட்டணம் செலுத்தியவர் கற்பித்தலைக் கேட்டுப் பெறலாம், தேர்ச்சியைக் கேட்டுப் பெற முடியாது. தகுதியற்றவருக்குப் பட்டத்தை மறுக்கும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இருப்பதனால்தான், தகுதியுள்ளவர் பெறும் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறது.

முறையீட்டின் பாதை

விசிட்டர்களின் இடத்தில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இப்போது இருப்பது உயர்கல்விக்கான சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அந்தந்தப் பகுதியின் பொதுச் சேவைகள் குறைகேள் அதிகாரி இப்பணியைச் செய்கிறார்.

தீர்ப்பாளர் அலுவலகத்தில் முறையிட மாணவர் கட்டணம் எதுவும் செலுத்தத் தேவையில்லை. ஆனால் முதலில் பல்கலைக்கழகத்தின் உள்முறையீட்டுப் படிகள் அனைத்தையும் முடித்திருக்க வேண்டும். அவை முடிந்ததும் பல்கலைக்கழகம் ஒரு நிறைவுக் கடிதம் தரும். அக்கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தீர்ப்பாளரின் பரிந்துரைகளை நீதிமன்ற ஆணைபோல் வலிந்து நிறைவேற்ற முடியாது. எனினும் அவற்றை ஏற்காத நிறுவனம் பெயருடன் வெளிப்படுத்தப்படும் என்பதால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இணங்குகின்றன.

2023ஆம் ஆண்டில் 3,100க்கும் மேற்பட்ட முறையீடுகள் இந்த அலுவலகத்துக்கு வந்தன. அவற்றில் மாணவருக்குச் சாதகமாக முடிபவை சிறுபான்மையே. ஆனால் நடைமுறைத் தவறு தெளிவாக இருந்த சந்தர்ப்பங்களில், முடிவுகளை மறுபரிசீலனை செய்யவும், கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் பரிந்துரைகள் செய்யப்பட்டுள்ளன.

ஒழுக்க நடவடிக்கைகளில் இந்த அலுவலகத்தின் வழிகாட்டுதல் கவனத்துக்குரியது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தையே சாரும்; தான் குற்றமற்றவர் என்று மாணவர் நிரூபிக்க வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதியதாக மாணவர்கள் மீது குற்றம்சாட்டப்படும் இக்காலத்தில் இதன் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. கண்டறியும் மென்பொருள் தரும் விழுக்காடு ஒரு சந்தேகத்தை எழுப்பலாம், ஆனால் அது மட்டுமே முடிந்த முடிவாகிவிடாது. தன் கட்டுரையின் ஆரம்ப வரைவுகளையும் குறிப்புகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் மாணவர், தன் பக்க நியாயத்தை எளிதில் எடுத்துரைக்க முடியும்.

விசா: பல்கலைக்கழகத்தின் இன்னொரு முகம்

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் ஆசிரியராக மட்டும் இருப்பதில்லை. அது அவருடைய விசாவுக்கான ஆதரவு நிறுவனமும் ஆகும். மாணவர் பதிவு செய்யாவிட்டாலோ, படிப்பை நிறுத்தினாலோ, வகுப்புகளுக்கு வராமல் போனாலோ, அதை உள்துறை அமைச்சகத்துக்குக் குறித்த காலத்துக்குள் அறிவிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. அவ்வாறு அறிவிக்கப்பட்டபின், வேறு இடத்தில் சேரவோ நாடு திரும்பவோ மாணவருக்குக் கிடைப்பது பொதுவாக 60 நாட்களே.

இதில் பல்கலைக்கழகத்தின் நலனும் மாணவரின் நலனும் எதிரெதிராக நிற்கக்கூடும். விசா மறுக்கப்பட்டவர்கள், பதிவு செய்தவர்கள், படிப்பை முடித்தவர்கள் ஆகியோரின் விகிதங்களைக் கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தின் உரிமம் மதிப்பிடப்படுகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் வெளியான குடிவரவு வெள்ளை அறிக்கை இந்த அளவுகோல்களை மேலும் இறுக்க முன்மொழிந்தது. தடுமாறும் மாணவரைத் தாங்கிப் பிடிப்பதா, அல்லது உரிமத்தைக் காப்பதற்காக அவரை விரைந்து விலக்குவதா என்ற கேள்வி நிர்வாகிகளின் முன் எழுவது இதனால்தான்.

பல்கலைக்கழகம் தவறினாலும் பாதிக்கப்படுவது மாணவரே என்பதை 2012ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை பிரிட்டிஷ் எல்லை முகமை ரத்து செய்தது. ஒழுங்காகப் படித்துவந்தவர்கள் உட்பட 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு இடம் தேட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். ஏற்கனவே சேர்ந்திருந்த மாணவர்கள் தொடர்ந்து படிக்கலாம் என்று செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் அளித்தது. அதற்குள் பலர் வேறு கல்வி நிலையங்களை நாடத் தொடங்கியிருந்தார்கள். மறு ஆண்டில் பல்கலைக்கழகம் உரிமத்தைத் திரும்பப் பெற்றது.

முறையீட்டுக் காலக்கெடுவும் விசாக் காலக்கெடுவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதுதான் வெளிநாட்டு மாணவரின் தனிப்பட்ட இக்கட்டு. தீர்ப்பாளர் அலுவலகத்தில் வெல்வதற்கு ஓர் ஆண்டு ஆகலாம். விசா அதுவரை காத்திருப்பதில்லை. எனவே, பதிவு நீக்கப்படும் நிலை வரும்போதே, மேன்முறையீடு முடியும்வரை உள்துறை அமைச்சகத்துக்கு அறிவிப்பதைத் தள்ளிவைக்க இயலுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்துமூலம் கேட்பது அவசியம்.

கவனிப்புக் கடமை எங்கே?

பிரிஸ்டல் தீர்ப்பின் முக்கியத்துவத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். உடல்நலம் அல்லது மனநலம் காரணமாக நீண்டகாலப் பாதிப்புக்கு உள்ளான மாணவர்களுக்கு நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்து தருவது சமத்துவச் சட்டத்தின் கீழ் கட்டாயமாகும். வாய்மொழித் தேர்வு தகுதியின் ஓர் அளவுகோல் என்றும், அதை மாற்ற வேண்டியதில்லை என்றும் பல்கலைக்கழகம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மாணவருக்கு இயற்பியல் தெரியுமா என்பது தகுதி. அதை வாய்மொழியாகக் கேட்பதா எழுத்தில் கேட்பதா என்பது முறை. தகுதியைத் தளர்த்த வேண்டியதில்லை, ஆனால் முறையை மாற்றலாம்.

மருத்துவரின் சான்று கோப்பில் இல்லை என்று பல்கலைக்கழகம் கைவிரித்துவிடவும் முடியாது என்பது தீர்ப்பிலிருந்து தெரியவரும் இன்னொரு பாடம். மாணவரின் சொல்லும் நடத்தையுமே சில சூழ்நிலைகளில் போதிய சான்றாகக் கொள்ளப்படலாம்.

ஆனால் சமத்துவச் சட்டம் எல்லா மாணவர்களையும் உள்ளடக்குவதில்லை. திடீர் இழப்பாலோ தனிமையாலோ கடனாலோ உடைந்துபோகும் ஒருவர் அச்சட்டத்தின் வரையறைக்குள் வராமல் போகலாம். அதனால்தான் எல்லா மாணவர்களையும் உள்ளடக்கும் கவனிப்புக் கடமையைச் சட்டமாக்க வேண்டும் என்று, பிள்ளைகளை இழந்த பெற்றோர் கோரினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட அம்மனு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. தற்போதுள்ள ஏற்பாடுகளே போதுமானவை என்பது அரசின் நிலைப்பாடாக இருந்தது.

இதை மறுப்பவர்களின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. மாணவர்கள் வயது வந்தவர்கள். பல்கலைக்கழகம் மருத்துவமனை அல்ல. சட்டக் கடமை வந்தால், வழக்குக்கு அஞ்சி மாணவர்களின் தனிவாழ்வை நிர்வாகம் கண்காணிக்கத் தொடங்கும் என்கிறார்கள் அவர்கள். ஆனால் அமெரிக்காவில் சில நீதிமன்றங்கள் நடுவழி ஒன்றைக் கண்டுள்ளன. தற்கொலைக்கு முயன்றதை அல்லது முயலும் திட்டத்தைப் பல்கலைக்கழகம் உண்மையாகவே அறிந்திருந்தால் மட்டும், நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை எழும் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. வகுப்பறையில் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய வன்முறையிலிருந்து மாணவர்களைக் காக்கும் கடமை உண்டு என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது.

பெற்றோரின் எதிர்பார்ப்பும் சட்டத்தின் மௌனமும்

தமிழ்ச் சமூகங்களுக்கு நிறுவனத் தலைவர்களைப் பொறுப்பாக்கும் சட்டங்கள் புதியவையல்ல. 1996ஆம் ஆண்டில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் மறு ஆண்டே பகிடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரையே குற்றத்துக்கு உடந்தையாகக் கருத அது வழிவகுத்தது. இலங்கையும் 1998இல் பகிடிவதையைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. இச்சட்டங்கள் எவ்வளவு தூரம் நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பது வேறு கேள்வி. ஆனால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

அந்த எதிர்பார்ப்புடன் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசும் பெற்றோர், மகன் வகுப்புக்கு வருகிறாரா என்று கேட்டால்கூடப் பதில் கிடைப்பதில்லை. கட்டணத்தைப் பெற்றோர் செலுத்தியிருக்கலாம், ஒப்பந்தம் மாணவருடனானது. அவருடைய அனுமதியின்றி விவரங்களைத் தர முடியாது என்பதே வழக்கமான பதிலாக இருக்கும்.

எனினும் இதிலும் மாற்றம் தென்படுகிறது. உயிருக்கு ஆபத்து என்ற அவசர நிலையில் தகவல் பகிர்வதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதில்லை. கடும் கவலைக்குரிய நிலை ஏற்பட்டால் பெற்றோருக்கோ நம்பிக்கைக்குரிய வேறொருவருக்கோ அறிவிக்கலாமா என்று மாணவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் கேட்கும் முறையை பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல் அறிமுகப்படுத்தியது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்புதல் அளித்தார்கள். பதிவுப் படிவத்தில் ஒரு மூலையில் இருக்கும் இந்தக் கேள்வியைப் பற்றி, பயணத்துக்கு முன்பே பிள்ளையுடன் பேசிவைப்பது பெற்றோரின் கையில் இருக்கிறது.

ஆக, சட்டத்தின் இன்றைய நிலை சீரற்றதாகவே இருக்கிறது. வாக்களித்த பாடநெறியை நடத்தாத பல்கலைக்கழகத்தைக் கேள்வி கேட்க மாணவருக்கு வழி உண்டு. தன் விதியைத் தானே மீறும் பல்கலைக்கழகத்தையும் கேள்வி கேட்கலாம். சமத்துவச் சட்டத்தின் கீழ் வருபவர் மாற்று ஏற்பாட்டைக் கோரலாம். அது மறுக்கப்பட்டால், பொதுவாக ஆறு மாதங்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் எந்த வரையறைக்குள்ளும் அடங்காத ஒரு மாணவர் மெல்ல மெல்ல மூழ்கும்போது, அதைக் கண்டும் காணாமல் இருந்த நிறுவனத்தைச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு விடை இல்லை.

நடாஷாவின் ஆசிரியர்களில் சிலர் அவருடைய தடுமாற்றத்தைக் கவனித்திருந்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. கவனித்தவர்கள் இருந்தும் தேர்வு முறை மாற்றப்படவில்லை. பல்கலைக்கழகங்கள் மீண்டும் பெற்றோராக வேண்டும் என்று யாரும் கோரவில்லை. தாங்கள் அறிந்ததன் மீது செயல்பட வேண்டும் என்பதே கோரிக்கை.